தினமும் முல்தானி மட்டி: ஐந்து வாரத்தில் ஒரு முகத்துக்கு நடந்தது

மார்கழி பிறந்து நாலைந்து நாள் ஆகியிருக்கும். கம்பெனிகள் விடுகிற சாயங்கால நேரத்தில், துப்பட்டாவால் மூக்கு வரைக்கும் மூடிக்கொண்டு ஒரு பெண் பார்லருக்குள் வந்தாள். வயது 23. திருப்பூரில் ஒரு பனியன் கம்பெனியில் செக்கிங் வேலை. உட்கார்ந்ததும் அவள் கேட்டது இதுதான்: “அக்கா, ஒரு ஃபேஷியல் பண்ணி விடுங்க. நல்லா அழுத்தி ஸ்க்ரப் போடுங்க. மூஞ்சி முழுக்கச் செத்த தோலுங்க. எடுக்க எடுக்க வந்துட்டே இருக்குது.”

அந்தக் கடைசி வார்த்தைக்காகத்தான் இந்த நிகழ்வை எழுதி வைக்கிறேன். 19 வருடமாக இந்த வேலையில் இருக்கிறேன். ‘எடுக்க எடுக்க வருது’ என்று சொல்லி வந்த எத்தனையோ முகங்களில், எடுத்ததால்தான் அது வந்திருக்கிறது. ஆனால் ஒரு முகத்தை முதல் நாளிலிருந்து ஆறு மாதம் வரை தேதி போட்டுக் குறித்து வைத்தது இந்த ஒரு முறைதான். பெயர் போடாமல் எழுதிக்கொள்ளச் சொன்னாள்; படம் வேண்டாம் என்றாள். சரி என்றேன்.

முதல் நாள் பார்த்தது

துப்பட்டாவை எடுக்கச் சொல்லி, பூதக்கண்ணாடி விளக்கைப் பக்கத்தில் இழுத்துப் பார்த்தேன். மூக்கின் இரண்டு ஓரத்திலும், வாயைச் சுற்றியும், கன்னத்திலும் மெல்லிய வெள்ளைச் செதில்கள். பழைய சுவரில் சுண்ணாம்பு பெயர்வது போல ஒரு பக்கம் ஒட்டியும் ஒரு பக்கம் தூக்கியும் நின்றன. செதில் இல்லாத இடத்தில் கன்னம் கண்ணாடி மாதிரி பளபளத்தது. அந்தப் பளபளப்பைப் பார்த்து ‘க்ளோ வந்திருக்கு’ என்று கூட வேலை செய்யும் பெண்கள் சொன்னார்களாம். அது எண்ணெய்ப் பளபளப்பும் இல்லை, மினுமினுப்பும் இல்லை. தோல் இழுத்துக் கட்டியதுபோல் விறைத்து நின்றதால் வந்த பளபளப்பு. சிரிக்கச் சொன்னேன். கண்ணுக்குக் கீழே, கசக்கி விரித்த டிஷ்யூ தாள்போல நுணுக்கமான கோடுகள் விழுந்தன. 23 வயதில் அந்தக் கோடுகள் அங்கே இருக்கக் கூடாது.

மாநிறத் தோலில் சிவப்பு, சிவப்பாகத் தெரியாது. கொஞ்சம் கருத்த காப்பி நிறமாகத்தான் தெரியும். அதனால் பலர் அதை ‘டேன்’ என்று நினைத்து மேலும் தேய்ப்பார்கள். நான் புறங்கையை வைத்துப் பார்த்தேன். கன்னம் சூடாக இருந்தது, நெற்றி இல்லை. அப்புறம் வெறும் தண்ணீரில் பஞ்சை நனைத்துக் கன்னத்தில் ஒற்றினேன். சட்டென்று முகத்தைத் திருப்பிக்கொண்டாள். “சுருக்குங்குதுங்க்கா.” தண்ணீர் பட்டே எரிகிற தோலுக்கு ஃபேஷியல் செய்யக் கூடாது. இது எனக்கு வேலை சொல்லிக்கொடுத்தவர் முதல் மாதமே சொன்னது.

இதற்கு நேர்மாறாக நெற்றி. மாலை ஆறு மணிக்கு அங்கே எண்ணெய் வழிந்தது. வெண்முள் (ஒயிட்ஹெட்) 14 எண்ணினேன், மூக்கின் மேல் கரும்புள்ளிகள். ஒரே முகத்தில் மேலே எண்ணெய்ச் சட்டி, கீழே வறண்ட குளம்.

அன்றைக்கு நான் ஃபேஷியல் செய்யவில்லை. பர்மிஷன் போட்டு வந்தவளுக்கு வருத்தம்தான். டீ சொல்லிவிட்டு, என்னென்ன போடுகிறாய் என்று ஒவ்வொன்றாகக் கேட்டேன். முக்கால் மணி நேரம் ஆனது. அன்று செய்ததிலேயே உருப்படியான வேலை அதுதான்.

அவள் செய்து வந்தது

நெற்றிப் பருவுக்காக முல்தானி மட்டி என்ற களிமண் பொடியைப் போட ஆரம்பித்திருக்கிறாள். முதலில் வாரம் இரண்டு நாள், வெறும் தண்ணீரில் குழைத்து. முகம் எண்ணெய் இல்லாமல் லேசாக இருந்திருக்கிறது. அதுவரை ஒன்றும் தப்பில்லை.

தீபாவளி கழிந்து கார்த்திகை பிறந்ததும் அக்காளுக்கு மாப்பிள்ளை பார்க்கும் பேச்சு வீட்டில் தொடங்கியது. அடுத்தது தானே என்று இவளும் முகத்தைக் கவனிக்கத் தொடங்கினாள். வாரம் இரண்டு நாள் என்பது தினமும் ஆயிற்று. இரண்டு ஸ்பூன் மட்டி, அரை எலுமிச்சம்பழச் சாறு, ஒரு சிட்டிகை கஸ்தூரி மஞ்சள். குழைத்து முகம் முழுக்கப் பூசி, ஃபேனுக்குக் கீழே படுத்து, 40 நிமிடம். வெடித்துப் பொரிந்து, வாயைத் திறக்க முடியாத அளவுக்கு இறுகிய பிறகு கையாலேயே தேய்த்து உதிர்ப்பாள். பிறகு குளிக்கிற சோப்பால் கழுவுவாள். க்ரீம் எதுவும் கிடையாது. போட்டால் பரு வரும் என்ற பயம். ஞாயிற்றுக்கிழமைகளில் தனியாக ஒரு அக்ரூட் (வால்நட்) ஸ்க்ரப்.

மூன்றாம் வாரத்தில் செதில் தெரிந்தது. ‘மட்டி வேலை செய்யுது, செத்த தோல் கழன்று வருது’ என்று சந்தோஷப்பட்டு இன்னும் அழுத்தித் தேய்த்தாள். ஐந்தாம் வாரம் என்னிடம் வந்தாள்.

கடைசியில், எழுந்திருக்கும்போது போகிற போக்கில் சொன்னாள்: நாலு நாளாக மெடிக்கலில் வாங்கிய ஒரு ட்யூபும் போடுகிறாளாம். பையிலிருந்து எடுக்கச் சொல்லிப் பார்த்தேன். பீட்டாமெத்தசோன் என்று இருந்தது. ஸ்டீராய்டு க்ரீம். அரிப்பையும் எரிச்சலையும் உடனே அடக்கும், அதனால் நல்ல மருந்து என்று கைமாறிக்கொண்டே போகும். டாக்டர் சொல்லாமல் முகத்தில் நாள்கணக்கில் போட்டால் தோல் மெலிந்து, நிறுத்தும்போது முன்னைவிட மோசமாகச் சிவந்து கொப்பளிக்கும். நாலு நாளோடு பிடிபட்டது அவள் அதிர்ஷ்டம். ‘இதைக் கட்டாயம் டாக்டர்கிட்டே காட்டணும் கண்ணு’ என்று சொல்லி, தோல் டாக்டரைப் பார்த்த பிறகுதான் நான் கை வைப்பேன் என்று அனுப்பினேன்.

மூன்றாம் நாள் சீட்டோடு வந்தாள். படர்தாமரை இல்லை, பொடுகு வகைத் தோல் அழற்சியும் இல்லை. பூசிய பொருட்களால் வந்த எரிச்சல் அழற்சி என்று டாக்டர் சொல்லியிருந்தார். ட்யூப், மட்டி, சோப்பு, ஸ்க்ரப் எல்லாவற்றையும் நிறுத்தச் சொல்லியிருந்தார்.

பனியன் துணியில் ஒரு சோதனை

அவளுக்கு நம்பிக்கை வரவில்லை. “இயற்கைதானுங்க்கா, மண்ணு எப்படிங்க கெடுதல் பண்ணும்?” வாயால் விளக்குவதைவிடக் காட்டிவிடலாம் என்று தோன்றியது. அவள் பையிலேயே கம்பெனி கட்டிங் வேஸ்ட் துணி இருந்தது. வெள்ளைப் பனியன் துணி, உள்ளங்கை அகலத்தில் மூன்று துண்டு.

முதல் துண்டில் இரண்டு சொட்டுத் தேங்காய் எண்ணெய் விட்டு, மேலே உலர்ந்த முல்தானிப் பொடியைக் குவித்து ராத்திரி முழுக்க வைத்தோம். மறுநாள் உதறினால், எண்ணெய்த் திட்டு பெரும்பாலும் போயிருந்தது. இரண்டாவது துண்டில் மட்டியைக் குழைத்துப் பூசி, ஃபேனுக்குக் கீழே வெடிக்கும்வரை காயவிட்டோம். துணி ஓரமெல்லாம் சுருண்டு, “அப்பளமாட்டம் வெறச்சுப் போச்சுங்க” என்று அவளே சொன்னாள். மூன்றாவதிலும் அதேபோல் பூசிக் காயவைத்து, அவள் முகத்தில் செய்வதைப் போலவே கையால் தேய்த்து உதிர்க்கச் சொன்னேன். மண் போனது. துணியின் மேல் பிசிர் எழும்பி நின்றது. செக்கிங்கில் நாள் முழுக்கப் பிசிர் பார்த்துப் பழகிய கண் அது. துணியைக் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, கன்னத்தைத் தொட்டுக்கொண்டாள். அதன் பிறகு என்னிடம் வாதாடவில்லை.

அந்த முதல் துண்டில் நடந்ததுதான் இந்த மண்ணின் பிறவித் தொழில். இங்கிலீஷில் இதற்கு ‘ஃபுல்லர்ஸ் எர்த்’ என்று பெயர். ஃபுல்லர் என்றால் கம்பளித் துணி வெளுத்துப் பதப்படுத்துகிறவர். ஆட்டுரோமத்தில் ஊறியிருக்கும் கொழுப்பை எடுக்க இந்த மண்ணைப் போட்டு மிதித்தார்கள். முல்தான் இன்று பாகிஸ்தான் பஞ்சாபில் இருக்கிறது. பெயர் அந்த ஊரிலிருந்து வந்தது. நம் கடைகளுக்கு வருவது ராஜஸ்தானின் பார்மேர், பிகானேர், ஜெய்சல்மேர் பக்கத்து மண். கம்பளிக்குக் கொழுப்பு வேண்டாத பொருள். முகத்தோலுக்கு அந்தக் கொழுப்புதான் கூரை.

மண்ணுக்குள் என்ன இருக்கிறது

களிமண் எல்லாம் ஒன்று இல்லை. முகத்துக்குப் போடுகிற மண்களில் இரண்டு வகையைப் பிரித்துத் தெரிந்துகொண்டால் போதும்.

முல்தானி மட்டி, பெண்டோனைட் என்ற இன்னொரு களிமண் இரண்டிலும் பெரும்பாலும் இருப்பது மாண்ட்மோரில்லனைட் என்ற கனிமம். பிரான்சில் மாண்ட்மோரில்லன் என்ற ஊரின் பெயர் அது. அப்பளக் கட்டை நினைத்துக்கொள்ளுங்கள். அப்படி அடுக்கடுக்காகத் தகடுகள். தகட்டுக்கும் தகட்டுக்கும் நடுவே தண்ணீரும் உப்பு அயனிகளும் புகுந்துகொள்ளும், அடுக்கு விரியும். ஒரு கிராம் மண்ணில் இந்தத் தகடுகளையெல்லாம் பிரித்துப் பரப்பினால் 700 முதல் 800 சதுர மீட்டர் வரும். நம் கணக்கில் 17 முதல் 20 சென்ட் நிலம். இரண்டு ஸ்பூன் பொடியை முகத்தில் பூசும்போது அத்தனை பரப்பு நம் தோலிலிருக்கும் எண்ணெய்க்கும் ஈரத்துக்கும் வாயைத் திறந்துகொண்டு உட்கார்கிறது.

இன்னொன்று கயோலின், சீனாக் களிமண். சீனாவில் ஜிங்டெஜென் பீங்கான் ஊருக்குப் பக்கத்திலுள்ள காவோலிங் என்ற மலையின் பெயர். இதிலும் தகடுதான், ஆனால் ஒன்றோடொன்று இறுகப் பிடித்துக்கொண்டவை. நடுவே தண்ணீர் புகாது, ஊதாது. பரப்பும் குறைவு, கிராமுக்கு 10, 20 சதுர மீட்டர் என்ற அளவுதான். அதனால் எண்ணெயை மெதுவாகவும் கொஞ்சமாகவும் எடுக்கும். வறண்ட தோல்காரர்களுக்கு வெள்ளைக் கயோலின் சொல்வது இதனால்தான். சிவப்பு, மஞ்சள், பச்சை என்று நிறம் பார்த்து விற்கிறார்களே, அந்த நிறங்கள் பெரும்பாலும் இரும்பின் வெவ்வேறு வடிவங்கள். நிறத்தை வைத்து ‘இது இளமைக்கு, இது சுருக்கத்துக்கு’ என்று சொல்வதை நான் நம்புவதில்லை.

அவள் கொண்டுவந்த பொடியைப் பி.எச். தாளில் பார்த்தேன். புளிப்பா காரமா என்று காட்டும் தாள் அது; 7-க்குக் கீழே புளிப்பு, மேலே காரம். தண்ணீரில் குழைத்தபோது 8-க்கும் 9-க்கும் நடுவே காட்டியது. முகத்தோலின் மேற்பரப்பு 5-ஐ ஒட்டிய மென்மையான புளிப்பு. அரை எலுமிச்சை பிழிந்ததும் கிண்ணத்தில் நுரைத்துப் பொங்கியது. மண்ணில் சுண்ணாம்பு கலந்திருந்தால் அப்படித்தான் பொங்கும். பொங்கி அடங்கியபின் பார்த்தால் 4-க்குக் கீழே. அப்புறம் கழுவியது குளிக்கிற சோப்பு, திரும்பவும் காரம். ஒரு ராத்திரியில் அந்தக் கன்னம் புளிப்புக்கும் காரத்துக்கும் ஊஞ்சலாடியிருக்கிறது. அதையே ஐந்து வாரம்.

செதில் எங்கிருந்து வந்தது

இந்த நிகழ்வின் உயிர்நாடி இங்கேதான் இருக்கிறது, அதனால் கொஞ்சம் நின்று சொல்கிறேன்.

தோலின் மேலடுக்கு 10 முதல் 20 மைக்ரோமீட்டர் பருமன். ஒரு எழுதும் தாளின் பருமனில் ஐந்தில் ஒரு பங்கு இருந்தாலே அதிகம். அதில் இருப்பது முழுக்கச் செத்த செல்கள்தான். ‘செத்த தோலை எடுக்கணும்’ என்று கேட்கும்போதெல்லாம் நான் இதைச் சொல்வேன்: அந்தச் செத்த அடுக்குதான் கண்ணு உயிருள்ள தோலைக் காப்பாற்றுகிறது. செங்கல் போலச் செல்கள். நடுவே கலவை போல செராமைடு, கொழுப்பமிலம், கொலஸ்ட்ரால் என்ற கொழுப்புகள். கீழிருந்து புதுச் செல் மேலே வர ஏறக்குறைய நான்கு வாரம். மேலே வந்தது தானாகவே, கண்ணுக்குத் தெரியாத தூளாக உதிரும். செல்களைப் பிணைத்திருக்கும் புரத முடிச்சுகளைத் தோலுக்குள்ளேயே இருக்கும் நொதிகள் அறுத்து விடுகின்றன. அந்த நொதிகளுக்கு ஈரம் வேண்டும்.

ஈரம் வற்றினால் முடிச்சு அறுபடாது. செல்கள் ஒவ்வொன்றாக உதிராமல் கொத்தாக ஒட்டி நின்று, செதிலாகக் கண்ணுக்குத் தெரியும். அதேசமயம் காரம் கூடினால் கலவைக் கொழுப்பைத் தயாரிக்கும் நொதிகள் மந்தமாகும். கொழுப்பு குறைந்தால் ஈரம் இன்னும் வேகமாகப் போகும்.

ஆக, அவள் முகத்தில் பார்த்த செதில், மட்டி கழற்றிக் கொண்டுவந்த பழைய அழுக்கு இல்லை. மட்டி, எலுமிச்சை, சோப்பு மூன்றும் சேர்ந்து புதிதாக உண்டாக்கியது. அதை எடுக்க மறுபடி மட்டி. மறுபடி செதில். மூன்றாம் வாரத்தில் நிறுத்தியிருந்தால் ஒரு வாரத்தில் சரியாகியிருக்கும். செதிலை வெற்றி என்று எடுத்துக்கொண்டதுதான் அவளை ஐந்தாம் வாரம் வரை கொண்டுவந்தது.

களிமண் நிஜமாகவே செத்த தோலை எடுக்குமா என்று கேட்டால், என் பதில்: கொஞ்சம். ஈரத்தில் துடைத்தெடுக்கும்போது, உதிரத் தயாராக மேலே கிடக்கும் செல்களும் கழிவெண்ணெயும் மண்ணோடு போகும். முகம் வழுவழுப்பாகத் தெரிவது அதனால்தான். துவாரத்துக்குள் இறங்கி அடைப்பைத் தோண்டாது. நச்சை இழுக்காது. காய்ந்தபின் தேய்த்தால் உரிவது மண்ணின் மருத்துவ குணத்தால் இல்லை, அதில் கலந்த மணல் பொடியின் உரசலால். கடைப் பொடியை ஒரு சிட்டிகை எடுத்து இரண்டு விரலுக்கு நடுவே ஈரமாகத் தேய்த்துப் பாருங்கள், நறநறவென்று தெரியும். சித்த வைத்தியத்தில் சூரணத்தைத் துணியில் சலிப்பதற்கு வஸ்திரகாயம் என்று பெயர். முகத்துக்குப் போடுகிற மண்ணுக்கும் அது வேண்டும். அவள் பொடியை மல்துணியில் சலித்தபோது, இரண்டு கைப்பிடிக்கு ஒரு ஸ்பூன் குருணை துணியில் நின்றது. அந்தக் குருணையோடுதான் தினமும் கன்னத்தைத் தேய்த்திருக்கிறாள்.

நிறுத்திய காலம்

காலையில் வெறும் தண்ணீர். ராத்திரி சோப்பில்லாத மென்மையான க்ளென்சர். முகம் ஈரமாக இருக்கும்போதே டாக்டர் எழுதிய செராமைடு க்ரீம்; உதட்டோரத்திலும் மூக்கோரத்திலும் மேலே துளி பெட்ரோலியம் ஜெல்லி. பகலில் சன்ஸ்க்ரீன். வேறு எதுவும் இல்லை. கஸ்தூரி மஞ்சளும் வேண்டாம், ரோஜாப் பன்னீரும் வேண்டாம். ‘ஒண்ணுமே போடாம எப்படிங்க்கா சரியாகும்’ என்று கேட்டவளுக்கு, தோல் ஏற்கெனவே வேலை செய்துகொண்டிருக்கிறது, நாம் குறுக்கே நிற்காமல் இருந்தால் போதும் என்றேன்.

நான்காம் நாள் போன். “இன்னும் அதிகமா உரியுதுங்க்கா, நான் ஒரு தடவை மட்டும் ஸ்க்ரப் போட்டுக்கட்டுங்களா?” அழுகிற குரல். இந்த இடத்தில்தான் பலர் தோற்கிறார்கள். நிறுத்தியதும், தூக்கி நின்ற பழைய செதிலெல்லாம் மொத்தமாகக் கழன்று முகம் முன்னைவிட மோசமாகத் தெரியும். நகத்தால் கிள்ளாதே, இன்னொரு தடவை க்ரீம் போட்டுக்கோ, நாளைக்கு வா என்றேன். வந்தாள். செதில் அதிகம்தான், ஆனால் கன்னத்தில் சூடு குறைந்திருந்தது. கையை வைத்து அவளையே பார்க்கச் சொன்னேன்.

பத்தாம் நாள் தண்ணீர்ப் பஞ்சு எரியவில்லை. மூன்றாம் வார முடிவில் செதில் மூக்கோரத்தில் மட்டும். ஐந்தாம் வாரம் கன்னம் கிள்ளினால் மெத்தென்று திரும்பியது. சிரித்தால் கண்ணுக்குக் கீழே அந்தக் கோடுகள் இல்லை. அவை வயசுச் சுருக்கம் இல்லை, வறட்சிக் கோடு என்பது அப்போது உறுதியானது.

போகாமல் நின்றது கருப்பு. இரண்டு கன்னத்திலும் ஐந்து ரூபாய் நாணய அளவுக்கு மங்கலான படலம். நம் நிறத் தோலில் எங்கே அழற்சி வந்தாலும் அது அடங்கியபின் கருமை தங்கிவிடும், கரைய மாதக்கணக்கில் ஆகும். எலுமிச்சைச் சாறு சரியாகக் கழுவப்படாமல் மறுநாள் வெயில் பட்டால் அதுவே தனியாகக் கருமை தரும். வெள்ளையாகணும் என்று போட்ட பழம் கருக்க வைத்தது. சொல்லும்போது எனக்கே மனசு கஷ்டமாக இருந்தது.

மறுபடியும் மண்

எல்லாரும் எதிர்பார்க்காத பகுதி இது. ஏழாம் வாரம், டாக்டரிடம் கேட்டுக்கொண்டு, நான் அவளுக்கு மறுபடி களிமண் போட்டேன். காரணம் நெற்றி. கன்னம் தேறிய பிறகும் அங்கே எண்ணெய் வழிந்தது, வெண்முள் அப்படியே இருந்தது. எண்ணெய் எடுக்கிற மண்ணை எண்ணெய் இருக்கிற இடத்தில் போடுவதில் தப்பில்லை. இடமும் நேரமும் தப்பியதுதான் கோளாறு.

இரண்டு பங்கு வெள்ளைக் கயோலின், ஒரு பங்கு சலித்த முல்தானி. தண்ணீர், நாலு சொட்டு க்ளிசரின். எலுமிச்சை இல்லை. முதலில் தாடைக்குக் கீழே ஒரு பொட்டு வைத்து மறுநாள் வரை பார்த்தோம். அப்புறம் நெற்றி, மூக்கு, முகவாய் மட்டும். கன்னத்தில் கோடு போட்டதுபோல் நிறுத்தினேன். பூச்சு ஒரு ரூபாய் நாணயத்தின் கனத்துக்கு. மெல்லிசாகப் பூசினால் சீக்கிரம் காய்ந்து இழுக்கும். ஃபேனை நிறுத்தினேன்.

எப்போது எடுப்பது என்பதை அவளுக்குக் கண்ணாடியில் காட்டினேன். ஐந்தாவது நிமிடம் பூச்சின் ஓரம் வெளுக்க ஆரம்பிக்கும், நடுப்பகுதி இன்னும் கருத்து ஈரமாக இருக்கும். அங்கங்கே பூச்சில் ஊசிமுனை அளவுக்குக் கருத்த பொட்டுகள் தெரியும். அவை மண் எண்ணெயை உறிஞ்சிய இடங்கள். விரலால் தொட்டால் ஒட்டும், ஆனால் விரலில் வராது. அதுதான் நேரம். அவளுக்கு அது ஏழு நிமிடத்தில் வந்தது. அதைத் தாண்டி வைத்தால் தண்ணீர் ஆவியாகி மண் சுருங்கும். சுருங்கும்போது தோலையும் இழுக்கும், கீழிருந்து ஈரத்தையும் குடிக்கும். ‘இறுக்கிப் பிடிக்குது, வேலை செய்யுது’ என்று நாம் சொல்வது அந்தக் கட்டத்தைத்தான். வேலை அதற்கு முன்னாலேயே முடிந்துவிட்டது.

எடுக்கும்போது தேய்க்கவில்லை. நனைத்த பருத்தித் துணியை ஒரு நிமிடம் மேலே போட்டு, மண் இளகியபின் வழித்தெடுத்தேன். ஈரத்தோடே க்ரீம். வாரம் ஒரு முறை.

வெண்முள்ளுக்கு டாக்டர் தனியாக அடாபலீன் ஜெல் 0.1%, ஒன்றுவிட்டு ஒரு ராத்திரி எழுதினார். அது போடும் ராத்திரிகளில் மண் கிடையாது.

மாசியில் ஒரு சறுக்கல். சித்தப்பா மகள் கல்யாணத்துக்கு முந்தின நாள், வீட்டில் யாரோ சொன்னார்கள் என்று, முகம் முழுக்கப் பூசி 20 நிமிடம் வைத்துவிட்டாள். இரண்டு நாள் கன்னம் எரிந்தது. கல்யாணத்தன்று பவுண்டேஷன் செதிலில் திட்டுத்திட்டாக நின்றது. நெற்றிக்கு ஒன்றும் ஆகவில்லை. அதே மண், அதே முகம், அதே ராத்திரி. நானே திட்டமிட்டுச் செய்திருந்தால்கூட இவ்வளவு தெளிவான ஒப்பீடு கிடைத்திருக்காது. க்ரீமும் பொறுமையுமாக நாலாம் நாள் அடங்கியது.

வைகாசியில் கடைசியாகக் குறித்தது: நெற்றியில் வெண்முள் 14-லிருந்து 4. கன்னத்துக் கருமை பாதிக்கு மேல் மங்கியிருந்தது, முழுதாகப் போகவில்லை. செதில் இல்லை. வெண்முள் குறைந்ததற்கு மண்ணுக்குப் பேர் கொடுக்க மாட்டேன். அது அடாபலீனின் வேலை. மண் போட்ட அன்று சாயங்காலம் வரை நெற்றி வழியாமல் இருக்கிறது, அந்த நிம்மதி அவளுக்குப் பிடித்திருக்கிறது. மண்ணின் பங்கு அவ்வளவுதான். 2012-இல் ஜெர்மனியில் வெளியான ஓர் ஆய்வில், களிமண்ணும் ஜோஜோபா எண்ணெயும் கலந்த பூச்சை வாரம் 2, 3 தடவையாக ஆறு வாரம் போட்டதில் பருக்கள் சராசரி 54% குறைந்ததாகக் கணக்குக் காட்டினார்கள். ஆனால் பூச்சு போடாத குழு ஒன்றை வைத்து ஒப்பிடவில்லை. பரு தானாகவும் ஏறி இறங்கும் என்பதால் அந்த எண்ணை நான் அப்படியே எடுத்துக்கொள்வதில்லை. அங்கேயும் வாரம் 2, 3 தடவைதான், தினமும் இல்லை என்பதைக் கவனிக்கலாம்.

மண் வாங்குவது பற்றி

அவள் வாங்கியது பேப்பரில் மடித்துக் கொடுத்த உதிரிப் பொடி. எந்த ஊர் மண், எப்போது அரைத்தது, ஒன்றும் கிடையாது. தரைக்குள்ளிருந்து வருகிற பொருளில் தரைக்குள் இருப்பதெல்லாம் வரும், ஈயம் உட்பட. 2016-இல் அமெரிக்காவின் உணவு, மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பான எஃப்.டி.ஏ. சில பெண்டோனைட் களிமண் பொடிகளில் ஈயம் அதிகமாக இருப்பதாக மக்களை எச்சரித்தது. முகத்தில் பூசுவதைவிட உள்ளுக்குச் சாப்பிடுவதுதான் அதில் பெரிய ஆபத்து. கர்ப்ப காலத்தில் ஆசையாக மட்டியைக் கடித்துத் தின்கிற பெண்களை எனக்குத் தெரியும். தயவுசெய்து வேண்டாம், அந்த ஆசை வந்தால் இரும்புச்சத்து குறைந்திருக்கிறதா என்று டாக்டரிடம் ரத்தம் பார்க்கச் சொல்லுங்கள்.

உடைந்த பருவின் மேலும் கீறலின் மேலும் சுத்திகரிக்காத மண் படக் கூடாது. மண்ணில் டெட்டனஸ் கிருமியின் வித்துகள் இருக்கலாம். பொடியைக் கொட்டும்போது மூக்குக்கு நேரே தூசி கிளப்பவும் வேண்டாம். உரிம எண்ணும் தொகுதி எண்ணும் தேதியும் அச்சிட்ட பாக்கெட்டைத்தான் இப்போது வாங்குகிறேன். விலை கூடத்தான்.

என் கடையில் மாறியது

இதை எழுதாமல் விட்டால் நிகழ்வு முழுமையாகாது. வெடிக்கும்வரை காயவிடுவதை அவள் எங்கே கற்றாள் என்று கேட்டேன். “இங்கதானுங்க்கா. போன வருஷம் எங்க அக்காளுக்குப் பேக் போட்டப்ப, நல்லா இறுகட்டும், அசையாதேன்னு நீங்கதான் சொன்னீங்க.” உண்மைதான். அப்படித்தான் எல்லாருக்கும் சொல்லிக்கொண்டிருந்தேன். காயும்வரை அடுத்த ஆளுக்கு த்ரெட்டிங் முடித்துவிடலாம் என்ற வசதியும் அதில் இருந்தது.

இப்போது ஒவ்வொரு நாற்காலிக்குப் பக்கத்திலும் ஒரு டைமர். பேக் போட்டவரை விட்டு நகர்வதில்லை. ஓரம் வெளுத்ததும் எடுத்துவிடுகிறோம். தண்ணீர்ப் பஞ்சு வைத்துப் பார்க்காமல் யாருக்கும் மண் பூசுவதில்லை. எரிந்தால் அன்றைக்குக் காசு வாங்காமல் அனுப்பிவிடுவோம். ‘ஏழு நிமிஷத்துல எடுத்துட்டா எப்படிங்க, காசு குடுத்திருக்கமே’ என்று கேட்பவர்களுக்கு அந்த மூன்று பனியன் துணியையும் காட்டுகிறேன். பிசிர் எழுந்த துண்டை எடுத்துத் தடவிப் பார்க்காமல் யாரும் வைப்பதில்லை.

அவள் வெள்ளிக்கிழமைகளில் வருகிறாள். போன வாரம் தன்னோடு ஒரு பெண்ணை அழைத்து வந்திருந்தாள். அந்தப் பெண் உட்காருவதற்கு முன்னாலேயே, இவள் பஞ்சை எடுத்துத் தண்ணீரில் நனைத்துவிட்டாள்.